மரம் இருக்கட்டும், முதலில் கழுத்தைப் பேசுவோம்

கைவேலைக் கிட்டார் ஒன்றைச் சொல்லிச் செய்துகொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது மரத்தில்தான். பிரேசில் ரோஸ்வுட்டா, மேப்பிளா, கோவாவா, மகோகனியா என்று விடிய விடியப் படிக்கலாம்; அவ்வளவு எழுதிக் குவித்திருக்கிறார்கள். யாராவது என்னிடம் வந்து ஆர்டர் கொடுக்கப் போவதாகச் சொன்னால் மரத்தைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. "இப்ப வாசிக்கிற கிட்டார்ல உங்களுக்கு எங்க வலிக்குது?" என்றுதான் கேட்பேன். பதில் இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் கடையில் இருப்பதில் ஒன்றை எடுத்து, நல்ல ஆளிடம் கொடுத்து, கம்பியின் உயரம் போன்றவற்றைக் கைக்கேற்பச் சரிசெய்யும் செட்டப் செய்துகொள்வதே உத்தமம். இன்று தொழிற்சாலையிலிருந்து வருகிற நல்ல கிட்டார்கள் நிஜமாகவே நல்லவை. கையால் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கிட்டார் அவற்றைவிட நன்றாக ஒலித்துவிடாது.

எனக்கு வலித்த இடங்கள் இரண்டு. நான் பிக் இல்லாமல், விரலால், உட்கார்ந்து வாசிக்கிற ஆள். கையில் இருந்ததோ ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்புக் கிட்டார். மார்ட்டின் கம்பெனி 1916-ல் டிட்சன் என்ற இசை நிறுவனத்துக்காகச் செய்துகொடுத்த வடிவம் அது. பாட்டுக்குப் பின்னால் ஓங்கி ஒலிப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதன் அடிப்பக்க ஆழம் சுமார் 124 மில்லிமீட்டர். மடியில் வைத்து மேலே கையைப் போட்டால் வலது தோள் காதுவரை ஏறிக்கொள்ளும். இரண்டாவது, 43 மில்லிமீட்டர் நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளை இடைவெளிவிட்டுப் பிரிக்கும் சிறு பட்டை). இடது கை விரல் ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியிலும் உரசி அதை ஊமையாக்கிவிடும். பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். பாதி சரியானது. மீதி அளவுக் கோளாறு; எவ்வளவு பயிற்சி செய்தாலும் விரல் மெலிந்துவிடாது.

செய்பவரைத் தேர்ந்தெடுக்க ஒரே வழி, அவர் ஏற்கெனவே செய்த கிட்டார்களை வாசித்துப் பார்ப்பது. படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பதிவில் மைக் வைத்தவரின் திறமையும் சேர்ந்து கேட்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த நாதம் உண்டு. எந்த மரத்தைக் கொடுத்தாலும் அது வந்துவிடும். அந்த நாதம் பிடித்திருந்தால் மட்டும் போங்கள். இன்னொருவரின் கிட்டாரைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்பது இரண்டு பேருக்குமே மனக்கசப்பில்தான் முடியும்.

நான் போனவர், என் பழைய கிட்டாரையும் கூட எடுத்து வரச் சொல்லியிருந்தார். கொண்டுபோனதும் கொஞ்ச நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டு என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டாரை வாங்கி, கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில், மெல்லிய கம்பிகள் படும் இடத்தில், உலோகம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஐந்திலும் ஏழிலும் லேசான தேய்மானம். பன்னிரண்டுக்கு மேல் எல்லாம் வாங்கிய அன்றைக்கு இருந்த பளபளப்போடு இருந்தன.

"ஆர்டர்ல 'கட்டவே' வேணும்னு எழுதியிருக்கீங்களே, எதுக்கு? நீங்க அங்க போறதே இல்லையே."

அவ்வளவுதான் கேட்டார். மேல் ஃப்ரெட்டுகளை எட்டுவதற்காக உடம்பின் ஒரு தோளை வெட்டிவிடுவதுதான் கட்டவே (cutaway). அந்தத் தேய்மானத்தைப் பார்த்த பிறகு என்னிடம் பதில் இல்லை. கட்டவே போனது மட்டுமில்லை, கழுத்து உடம்போடு சேரும் இடமும் 14-வது ஃப்ரெட்டிலிருந்து 12-வதுக்கு வந்தது. இதனால் பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளின் அடிமுனை கட்டப்படும் கட்டை) உள்ளே தள்ளி, மேல்பலகையின் அகலமான பகுதியின் நடுப்பக்கமாக வந்து உட்காரும். நாதம் கொஞ்சம் கனிந்து உருண்டு வரும். முதல் ஃப்ரெட்டும் உடம்புக்கு அருகில் வருவதால் இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இன்றிரவே தங்கள் கிட்டாரின் ஃப்ரெட்டுகளை இப்படிப் பார்க்கலாம். நாம் எதை வாசிக்கிறோம் என்று நம் வாய் சொல்வதைவிட ஃப்ரெட் சரியாகச் சொல்லும்.

மரத்தைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். அந்தோனியோ டி டோரஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞர், இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்துக்கு மூலவர். 1862-ல் அவர் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழில் செய்து, மேல்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். ஒலியைத் தீர்மானிப்பது மேல்பலகைதான் என்று காட்டத்தான் அந்த வேலை. அடுத்தது, இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. முதுகு, பக்கங்களின் மரம் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும்படி ஆறு கிட்டார்கள் செய்யப்பட்டன. பிரேசில் ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், வால்நட் எல்லாம் அதில் உண்டு. வாசித்த 52 கலைஞர்களுக்கு எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மதிப்பெண்தான் விழுந்தது.

ஆக, முதுகு மரத்தைக் கண்ணுக்கு அழகாகவும் சட்டச்சிக்கல் இல்லாததாகவும் தேர்ந்தெடுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கிட்டாரோடு எல்லை தாண்டுவதென்றால் கையில் ஆவணம் இருக்க வேண்டும். இந்திய ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மரத்தையும் 2017-ல் ரோஸ்வுட் குடும்பத்தோடு சேர்த்துக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் அதிலிருந்து விலக்கு கிடைத்தது. என்னுடையது ஈட்டி. அவரிடம் நன்கு உலர்ந்த பலகை இருந்தது. அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

மேல்பலகை வேறு கதை. மென்மையாக விரல் வைத்தாலே பதில் சொல்லும் மரம் சிடார். ஓங்கி அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் அது சத்தம் கூட்டித் தராது, கலங்கிப்போகும். ஸ்ப்ரூஸ் முதலில் கொஞ்சம் பிகு செய்யும். அடிக்க அடிக்க இடம் கொடுக்கும். என் வலது கையைப் பார்த்துவிட்டு அவர் சிடார் என்றார். நகம் பட்டால் பள்ளம் விழும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். விழுந்தது.

பட்டறையில் என்னை உட்காரவைத்து அவர் காட்டியது மேல்பலகையின் அடியில் ஒட்டும் பிரேஸ்களைச் செதுக்குவதை. கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் இழுவையை, மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பலகை தாங்குவது இந்தச் சட்டங்களால்தான். பலகையைக் காதருகே தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுவார். சிறிய இழைப்புளியால் பிரேஸின் முதுகில் ஒரு சீவல் எடுப்பார், மறுபடியும் தட்டுவார். சீவலோ சிகரெட் தாளைவிடத் தடிமனாக இருக்காது. நான் கேட்டபோது கணக்கைச் சொன்னார். சட்டத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதம், உயரத்துக்கோ அதன் மூன்றாம் அடுக்கு. உயரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கடைசி நேரத்தில் கைகள் ஏன் அவ்வளவு மெதுவாகின்றன என்று அப்போது புரிந்தது. தொழிற்சாலைக்கு இந்த விளிம்புவரை போக முடியாது. யார், எந்த ஊர்க் காற்றில், எந்தக் கம்பி போட்டு வாசிக்கப் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாதே. பாதுகாப்புக்காகக் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்துத்தான் ஆக வேண்டும். எதைப் பார்க்கத் தவறினாலும் இதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

இனி கழுத்து. நீங்கள் கொடுக்கும் பணத்தில் உங்களுக்கே உங்களுக்கென்று கிடைக்கும் பகுதி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். நாதத்தை அவரும் மரமும் தீர்மானிப்பார்கள். கழுத்தை உங்கள் கை தீர்மானிக்கலாம்.

காகிதத்தில் நான்கு எண்கள்: நட்டில் அகலம், சேடிலில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் அமரும் பட்டை) கம்பிகளின் பரப்பு, ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து சேடில்வரை கம்பி அதிரும் நீளம்), முதல் மற்றும் ஒன்பதாவது ஃப்ரெட்டுகளில் கழுத்தின் கனம். எனக்கு நட் 46, சேடிலில் 58 என்று முடிவானது. ஸ்கேல் நீளம் வழக்கமான 645-க்குப் பதில் 632 மில்லிமீட்டர். ஒரே கம்பியை ஒரே சுருதிக்குக் கட்டினால் இழுவை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 13 மில்லிமீட்டர் குறைந்ததில் இழுவை நான்கு சதவீதம் குறைகிறது. நான்கு என்பது கேட்கச் சின்ன எண். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பாரே பிடித்து ஒரு பாட்டு முழுக்க உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

கனத்தை எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆகவே கையோடு பழகிய கிட்டார் ஒன்றை எடுத்துப் போய், வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, அங்கிருந்து தொடங்குவது நல்லது. அதையும் தாண்டி ஒரு கட்டம் உண்டு. பாலிஷ் போடுவதற்கு முன், வெறும் மரமாக இருக்கும்போதே தற்காலிகமாகக் கம்பி கட்டி வாசித்துப் பார்ப்பது. செய்பவர் இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். என்னவர் ஒத்துக்கொண்டார். முதலில் எடுத்தபோது எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் இருந்தது. "அவசரமில்ல, கை சலிக்கிற வரைக்கும் வாசிங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். பாரே கார்டுகளாகவே வாசித்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலின் அடிச்சதை கடுக்கத் தொடங்கியபோது கூப்பிட்டேன். எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். கழுத்தின் கனமான கம்பிப் பக்கம், முதல் ஐந்து ஃப்ரெட்டுகளின் பின்புறத் தோள். பென்சிலால் அங்கே கோடுகோடாகப் போட்டு, கோடு மறையும்வரை ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டுக் கொடுத்தார். மறுபடி வாசித்தேன். மறுபடி பென்சில். மொத்தமாகப் போனது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நடுவில் கனம் அப்படியே இருந்தது, தோள் மட்டும் இறங்கியது. வலி நின்றுபோனது அங்கேதான். ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லியிருந்தால் அந்த வலியோடுதான் வீட்டுக்கு வந்திருப்பேன். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் தடியாகவே தொடங்கச் சொல்லுங்கள். கழுத்தின் பின்புறத்துக்கு மட்டும் பளபளப்பு வேண்டாம், மங்கல் பூச்சு போதும். வியர்த்த கை பளபளப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பேப்பர் வேலையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அளவுகள், மரங்கள், பூச்சு, முன்பணம், மீதி எப்போது, தாமதமானால் என்ன, ஒட்டு விட்டாலோ வெடித்தாலோ எத்தனை காலம்வரை அவர் பொறுப்பு, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சொன்ன மாதத்தில் கிட்டார் வராது. நைட்ரோ லாக்கர் என்றால் பூச்சு இறுகவே வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். நடுவில் மனம் மாறி இன்லே (மரத்தில் பதிக்கும் அலங்காரம்) டிசைன் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். ஆம்பிளிஃபயரில் இணைக்க உதவும் பிக்கப் வேண்டுமென்றால் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதன் வயரைச் செருகும் எண்ட்பின் ஜாக்குக்குத் துளை போடுவதை, கிட்டாரின் உடம்பு தெரிந்த ஆள் செய்வது நல்லது. சொல்லாமல் விட்டுவிட்டு, முடிந்த கிட்டாரை வேறு யாரிடமோ கொடுத்து ட்ரில் போடச் சொல்வதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வாங்கப் போகும் அன்று பிடித்த பாட்டை வாசித்துவிட்டுக் கண் கலங்கி வந்துவிடாதீர்கள். ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரே பலத்தில் தட்டி, சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். கிட்டாரின் உள்ளே அடைபட்ட காற்றுக்கு ஒரு சொந்தச் சுருதி உண்டு; பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஒலித்துளைக்கு அருகில் வாயை வைத்து அடிக்குரலில் மெல்ல ஏற்றி இறக்கி முனகினால், ஓரிடத்தில் பெட்டி சட்டென்று கூடச் சேர்ந்து பாடும். அதுதான் அது. அந்தச் சுருதி ஏதாவது ஒரு சுரத்தின் மேல் கச்சிதமாக விழுந்தால், அந்தச் சுரம் மட்டும் குப்பென்று எழுந்து உடனே செத்துவிடும். அதனால் தெரிந்தவர்கள் துளையின் அளவையும் உடம்பின் ஆழத்தையும் வைத்து அதை இரண்டு சுரங்களுக்கு நடுவில் தள்ளுவார்கள். என்னுடையதில் ஜி-க்கும் அதற்கு அடுத்த அரைச்சுரமான ஜி ஷார்ப்புக்கும் இடையில், ஜி ஷார்ப் பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார். காரணம் கேட்டேன். "அன்னிக்கு வாசிச்சதுல அடிக்கம்பியில ஜி ஷார்ப் ஒரு தடவைகூட நீங்க தொடலையே" என்றார். கட்டவே பேச்சு நடந்த அதே நாளில் அவர் காதால் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மாறியது என் வலது கை. லேசாகக் கட்டிய சிடார் பலகை, பழைய பழக்கத்தில் ஓங்கிப் பறித்தால் பறபறவென்று ஃப்ரெட்டில் அடித்தது. ஆக்‌ஷனை (கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரத்தை) ஏற்றச் சொல்லலாமா என்று தோன்றியது. 12-வது ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி 2.3 மில்லிமீட்டரில் இருந்தது, அது ஒன்றும் குறைவில்லை. அப்படியே விட்டுவிட்டு, பலத்தைக் குறைத்து, பறிக்கும் இடத்தைக் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினேன். முன்பு முழு பலத்தில் கிடைத்த சத்தம் பாதி பலத்திலேயே வந்தது. மிச்சப் பாதி, அழுத்தம் கொடுக்க வேண்டிய இடங்களுக்குக் கையிருப்பாக நின்றது. மெட்ரோனோமோடு மிக மெதுவாக, மிகச் சன்னமாக வாசிப்பதையே சில வாரங்களுக்குப் பயிற்சியாக வைத்துக்கொண்டேன். புதுக் கிட்டார் வாசிக்க வாசிக்கத் 'திறக்கும்' என்பார்கள். கிட்டார் திறந்ததா, கை திறந்ததா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அளந்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கம்பி இழுவையில் மேல்பலகை லேசாக வயிறு வைத்து, கழுத்துக் கோணமும் சற்று மாறி, ஆக்‌ஷன் ஏறும். ஒரு பருவம் மாறிய பிறகு செய்தவரிடமே கொண்டுபோய் சேடிலைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஈரப்பதத்தை நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல் தினமும் பார்க்க வேண்டியிருக்கும், முதல் வருடம் முழுக்க. 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது, குறுக்குவாட்டில்தான் ஊதும், சுருங்கும். ஊதினால் மேல்பலகை எழும்பி ஆக்‌ஷன் ஏறும். காய்ந்தால் பலகை உள்வாங்கும், விரல்பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது வெடிப்பு. கிட்டார் பெட்டிக்குள் வைக்கும் ஈரப்பதமானியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மூடியில் உப்பை வைத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து இரவு முழுக்க வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. ஆறு சேர்த்துப் படித்துக்கொள்கிறேன், வேறு வாங்கவில்லை.

குறையும் உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து பாடும் இடத்தில் இந்தக் கிட்டார் எடுபடாது. பெரிய கைகள் உள்ள நண்பர் ஒருவர் எடுத்து வாசித்துவிட்டு, "கழுத்து எனக்குச் சரிப்படல" என்று அடுத்த நிமிடமே திருப்பிக் கொடுத்தார். இது விற்கும்போது உறைக்கும். பெயர்பெற்ற சிலரின் கிட்டார்களைத் தவிர, சொல்லிச் செய்தவை போட்ட பணத்துக்குத் திரும்ப விலைபோவது அபூர்வம். அளவுகள் எவ்வளவுக்கு உங்கள் கைக்கென்றே ஆகின்றனவோ அவ்வளவுக்கு வாங்க வரும் கைகள் குறையும். பின்னால் விற்க நேரலாம் என்ற எண்ணம் இருந்தால் நட்டை 44.5-லும் ஸ்கேலை 645-லும் நிறுத்திக்கொண்டு, கழுத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் உங்கள் பெயரைப் பதிக்காமல் விட்டுவிடுங்கள். கழுத்தின் தோளை மட்டும் எப்படியாவது உங்கள் கைக்குச் சுரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். அது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது.